ஐந்து கால் மேசை

மக்கா,

நீ அனுப்பிய மலை வந்து சேர்ந்தது. தபால்காரர் வாசலில் நின்று, "கப்பக்காரன் கடுதாசி வந்திருக்கு, உள்ள கட்டியா என்னமோ கெடக்கு" என்று கையில் எடைபார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். உறையைப் பிரித்தால் உன் கடிதத்துக்கு நடுவே அந்தப் படம். உச்சியை யாரோ அரிவாளால் ஒரே வீச்சில் சீவிவிட்ட மாதிரி ஒரு மலை. அதன் தலைமேல் மேகம் வெள்ளையாகப் படிந்து ஓரங்களில் வழிகிறது. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கப்பல் நின்ற துறைமுகத்தில் வாங்கினேன், அந்த ஊர்க்காரர்கள் இதை மேசைமலை என்றும் மேகத்தை மேசைத்துணி என்றும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கீழே ஒரு வரி: "அப்பா இருந்திருந்தால் இதன் மேலும் ரேந்தைத் துணி விரித்துப் படம் எடுத்திருப்பார்." வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் கல்யாண விஷயம் எழுதியிருந்தாய். மார்கழியில் வந்துவிடுவாய், தை பிறந்ததும் சபையில் கல்யாணம். பின்கட்டு அறையை உங்கள் இரண்டு பேருக்கும் ஒழித்து வைக்க வேண்டும், இருட்டாக இருக்கிறது, கிழக்குச் சுவரில் ஜன்னல் வைக்க வேண்டும். எல்லாம் சரிதான். அப்புறம் எழுதியிருக்கிறாய்: "ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்க வேண்டாம். அப்பா எடுத்த மேசைப் படங்களின் நெகட்டிவ் கண்ணாடி பெட்டி நிறையக் கிடக்கிறதே, மருந்தைச் சுரண்டிவிட்டு அவற்றையே போடச் சொல்லுங்கள். மனிதர்கள் இருக்கும் கண்ணாடிகளைத் தொட வேண்டாம், யாராவது பிரதி கேட்டு வருவார்கள். மேசைகளை யார் கேட்டு வரப்போகிறார்கள்? அவற்றில் ஒரு ஆள்கூட இல்லை." அதோடு விட்டிருக்கலாம். "அத்தனை கண்ணாடியை மேசைக்குச் செலவழித்தவர் ஒன்றே ஒன்றை எனக்கும் செலவழித்திருக்கலாம்" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் மை ஊறி, தாளின் பின்பக்கம் வரை வந்திருக்கிறது. பேனாவை அங்கே ஊன்றி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாயோ.

சுரண்டச் சொல்வதில் தப்பில்லை. கெட்டுப்போன கண்ணாடியைச் சுரண்டிப் படச் சட்டத்துக்குப் போடுவது நம் வீட்டுத் தொழில்தான். நாகர்கோவிலில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கும் மாப்பிள்ளை பெண் படங்களுக்கு மேலே இருப்பது நான் சுரண்டிக் கழுவின கண்ணாடி. ஆனால் "ஒரு ஆள்கூட இல்லை" என்று எழுதினாயே, அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். நீளமாகத்தான் போகும். கொழும்பில் கப்பல் நிற்கும்போது இது உன் கைக்கு வரும். மெள்ளப் படி.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் ஒரு துரை மரப்பட்டறை வைத்திருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து பங்களாக்களுக்கு மேசை நாற்காலி செய்து அனுப்புவார்கள். அவர் சம்சாரம் துரைசானியம்மா எங்களைப் போன்ற பெண்களை வைத்து, அவர் லேஸ் என்று சொல்கிற ரேந்தையை நூலில் பின்ன வைத்து விற்பார். மேசையையும் அதன்மேல் விரிக்கிற ரேந்தைத் துணியையும் சேர்த்துப் படம் எடுத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு அனுப்பினால் இரண்டும் விலைபோகும் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியது. உன் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். கண்ணாடி, மருந்து எல்லாம் பட்டறை வாங்கிக் கொடுக்கும். எங்களுக்குக் கல்யாணமாகி மாதங்கள்தான் ஆகியிருந்தன. முதல் மேசைக்கு விரித்த துணி நான் பின்னினது.

ஆட்களைப் படம் எடுக்கிற அறையில், பின்னால் தூணும் மாளிகையும் எழுதின திரைக்கு முன்னால்தான் அப்பா மேசையை முதலில் நிறுத்தினார். அவருக்கே பிடிக்கவில்லை. ஆள் நின்றால் ஆளைப் பார்ப்பார்கள், திரையைப் பார்க்க மாட்டார்கள், வெறும் மேசைக்குப் பின்னால் அந்தப் பொய் மாளிகை பல்லிளிக்கிறது என்றார். ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில், "ஏட்டி, முட்டத்துக்குப் போவமா?" என்றார். மேசைக்கா என்று கேட்டேன். "மேசைக்குத்தான்" என்றார். அப்படித்தான் மக்கா, மாட்டுவண்டியில் துணி சுற்றின மேசை நடுவில், போட்டோப் பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஊர்வலம் போகிற மாதிரி போனோம். விடியுமுன் முட்டத்துப் பாறைகளுக்குக் கீழே மணலில் மேசையை இறக்கித் துணியை விரித்தபோது கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. மீன் கூடையோடு வந்த ஒருத்தி நின்று பார்த்தாள். "ஏட்டி மக்கா, யாருக்கு விருந்து? கடலு வந்திருந்து திங்கவா?" என்று கேட்டாள். எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது. யாரோ வரப்போகிறார்கள், இலை போடத்தான் பாக்கி.

கருக்கல் வெளிச்சத்தில் படம் எடுக்கக் காமிராக் கண்ணின் மூடியை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். கையில் கடிகாரம் கிடையாது. உன் அப்பா கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லித்தான் நேரம் பார்ப்பார். வெயில் இருந்தால் பாதி ஜெபம், இல்லாவிட்டால் முழு ஜெபம். ஆமென் என்றதும் மூடி விழும். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களும் கூடவே முணுமுணுப்பார்கள், அதனால் ஆடாமல் இருப்பார்கள். மேசைக்கு ஜெபம் தெரியுமா? முட்டத்துக் காற்றில் அது நடுங்கியது. வண்டிக்காரரை அடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஜெபம் பாதியில் இருக்கும்போதே "முடிஞ்சா?" என்று துணியை விலக்கித் தலையை நீட்டினார். ஒரு கண்ணாடி போயிற்று. அப்பா என்னைப் பார்த்தார். நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் போனேன்.

அன்றிலிருந்து கொஞ்ச காலம் எல்லாப் படங்களிலும் நான்தான். காமிராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் அவர், மேசைக்கு அடியில் வெள்ளைத் துணிக்குள் நான். இரண்டு பேருக்கும் நடுவில் பார்க்க ஒன்றும் இல்லாத ஒரு காலைநேரம். அந்தத் துணிக்குள் எப்படி இருக்கும் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். நான் பின்னின ரேந்தை ஓரத்தின் பூக்களெல்லாம் என் மடியில் நிழலாக விழுந்து கிடக்கும். புது மர வாசனை. அலை வந்து போகிற சத்தம் மேசைக் கால் வழியாகக் கைக்குள் ஏறும். எங்கோ தூரத்திலிருந்து அவர் குரல் ஜெபம் சொல்லும். தூக்கம் மாதிரி ஒன்று வரும், ஆனால் கை மட்டும் விழித்துக்கொண்டு காலைப் பிடித்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் யாராவது என்னிடம், புருஷன் வீட்டில் நீ சந்தோஷமாக இருக்கப்போகிற இடம் மேசைக்கு அடியில்தான் என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

முதல் நாள் எடுத்ததில் ஒரு படம் திரும்பி வந்தது. பின்னின துணியைக் கொடுக்க நான் பட்டறை வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே மேனேசர் போடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. "ஓய், நாங்க நாலு காலு வச்சுல்லா மேசை பண்ணிக் குடுத்தோம்? உம்ம படத்துல அஞ்சு காலு கெடக்கு! அஞ்சாவது காலுல விரலு வேற இருக்கு! இத எந்தத் தொர வாங்குவான்?" காற்று துணியைத் தூக்கின நேரத்தில் என் பாதம் தெரிந்துவிட்டது. பட்டறை ஆட்களெல்லாம் கூடி நின்று எண்ணிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது. உன் அப்பா சாவதானமாகப் படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "மேனேசரே, அந்த அஞ்சாவது காலு இல்லன்னா மத்த நாலும் நிக்காது, கேட்டீரா" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். வெட்கம் ஒரு பங்கு, சிரிப்பு ஒரு பங்கு. கெட்ட கண்ணாடியை அன்றைக்கே சுரண்டிவிடுகிற மனுஷன் அதை மட்டும் சுரண்டவில்லை.

அவரை ரொம்பவும் உயர்த்திச் சொல்லிவிட்டேனோ என்று பார்க்கிறேன். பிறகு ஒருநாள் வட்டக்கோட்டைக்குப் போனோம். கோட்டையின் தட்டையான மேல்தளத்தில் ஓர் எழுத்து மேசை, பின்னால் கடல். நான் அடியில். ஜெபம் கேட்டது, முடியப் போகிறது என்று தெரிந்தது, அப்புறம் சத்தமே இல்லை. பொறுத்துப் பார்த்தேன். கால் மரத்து இடுப்புவரை ஏறியது. ஆமென் கேட்காமல் வெளியே வந்தால் படம் போய்விடும் என்று கல்லாகக் கிடந்தேன். கடைசியில் தாங்காமல், "இஞ்சேருங்க, நான் இங்கன செத்துக் கெடக்கேன்!" என்று கத்தினேன். எட்டிப் பார்த்தால், மூடியை எப்போதோ போட்டுவிட்டு, ஆமென் சொல்ல மறந்து, மதில் ஓரம் நின்று மேகம் பார்க்கிறார். ஓடிவந்தார். "ஏட்டி, நீ இருக்கியேன்னுல்லா மறந்துட்டேன்" என்றார். அதைப் பெரிய சமாதானம் என்று நினைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இனிமேல் உங்கள் மேசைக்கு அடியில் என் நிழல்கூட விழாது என்று சொல்லிவிட்டு, வண்டியில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

இதை உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ கட்டிக்கொள்ளப் போகிற பிள்ளை படித்தது, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறது, வாய்விட்டுக் கேட்கும் என்று நினைக்கிறேன். கேட்காமலும் இருக்கலாம். நீ கப்பலில் போய்விடுவாய். இங்கே அவள் உனக்காக எதையாவது பிடித்துக்கொண்டு இருப்பாள். அது வீடாக இருக்கலாம், குழந்தையாக இருக்கலாம், என் வாயாகவும் இருக்கலாம். வந்து இறங்கினதும் முதல் வேலையாக, போதும், காலை நீட்டிக்கொள் என்று சொல்லிவிடு. அவள் இருக்கிறாளே என்ற தைரியத்தில் மேகம் பார்க்கப் போய்விடாதே. மேகம் பார்க்கிற குணம் உனக்கும் இருக்கிறது. நீ அனுப்பின படமே சாட்சி.

நான் சபதத்தைக் காப்பாற்றினேன். நீ பிறந்தாய். கொஞ்ச நாள் அப்பா நம் வீட்டு முற்றத்திலேயே, கல்லை முட்டுக்கொடுத்து மேசைகளை எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனவர் திரும்பி வந்து, வயலுக்கு அப்பால் ஒரு பாறைக்குன்று இருக்கிறது, அதன் உச்சி பலகை போட்ட மாதிரி தட்டை, மேசை மேல் மேசை வைத்த மாதிரி ஒரு படம் எடுக்கலாம் என்று ஆரம்பித்தார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. அடியில் யார் இருப்பது என்று கேட்டேன். "நான் இருக்கேன். நீ மூடியத் திற" என்றார். உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. உனக்கு அப்போது தவழத் தெரியும், நிற்கத் தெரியாது. மூன்று பேருமாகத்தான் போனோம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அங்கே தடையில்லாமல் வீசும். கூலிக்கு வந்தவர்கள் மேசையை உச்சியில் வைத்துவிட்டு நிழல் தேடி இறங்கிவிட்டார்கள். துணியின் ஓரங்களில் கூழாங்கற்களைத் தைத்துக் கொண்டுபோயிருந்தேன், அதனால் துணி ஒழுங்காகத் தொங்கியது. உன் அப்பா எல்லாவற்றையும் சரிபார்த்து, என்னைக் கறுப்புத் துணிக்குள் விட்டார். அதற்குள் தலையை விட்டது அதுதான் முதல் தடவை. மக்கா, உள்ளே உலகம் தலைகீழாக இருந்தது. வானம் அடியில் கிடந்தது, குன்று மேலேயிருந்து தொங்கியது, குன்றிலிருந்து மேசை தொங்கியது. ஒன்றும் விழவில்லை. இவர் தினமும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எனக்கு அவர்மேல் ஒரு பொறாமையே வந்தது. நான் துணிக்குள் சொக்கி நின்ற நேரத்தில் நீ பாறை விளிம்பைப் பார்த்துத் தவழ ஆரம்பித்திருக்கிறாய். அவர் ஓடிப்போய் உன்னை அள்ளிக்கொண்டு, "இவன் என்கூட இருக்கட்டும், நீ ஆரம்பி" என்று சொல்லி, உன்னோடு மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

நான் கண்ணாடியைப் போட்டு, மூடியைத் திறந்து, உரக்க ஜெபம் சொன்னேன். துணிக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "ஆடாத மக்கா. அம்மை படம் எடுக்கா." நீ சிரித்தாய். துணியின் இடது மூலை அசைந்தது. உள்ளேயிருந்து ரேந்தையைப் பிடித்து இழுக்கிறாய். படம் போயிற்று என்று ஒரு நிமிஷம் பதறினேன். அப்புறம் போனால் போகட்டும் என்று ஜெபத்தைச் சொல்லி முடித்து மூடியைப் போட்டேன். ஆமென் மட்டும் சொல்லவில்லை. வட்டக்கோட்டைக்குப் பதிலுக்குப் பதில் என்றுதான் முதலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் அது மறந்தே போயிற்று. யாருமே இல்லாத மலை, வெள்ளைத் துணி போட்ட மேசை, அதற்குள்ளே இரண்டு பேர் ரகசியம் பேசிச் சிரிக்கிறார்கள். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஆமென் சொல்வேன் என்று அவர் ஒரு கையில் மேசைக் காலையும் ஒரு கையில் உன்னையும் பிடித்தபடியே இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கடைசியில் நீ அழுதாய், அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு தானாகவே வெளியே வந்தார்.

மேனேசர் அந்தப் படத்தைப் பார்த்து, மூலையில் காற்று அடித்து மங்கிவிட்டது, பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டார். இலங்கையிலிருந்து ஒரு துரை, மேசை வேண்டாம், அந்த மலை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதினாராம். காற்று இல்லை மக்கா, அந்த மங்கல் நீதான். உன்னைத் தனியாக நிறுத்தி எடுக்க அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. மேசைக் கண்ணாடி பட்டறை கொடுத்தது. மற்றக் கண்ணாடியெல்லாம் ஊர்க்காரர்களுக்குக் கணக்காகப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று புதுச் சட்டை போட்டு எடுப்பதற்கென்று ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தார். அதற்குள் அவரைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் வந்தது. அப்புறம் நடந்தது உனக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கும். நான் இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கலாம். அவர் பேச்சை எடுத்தால் எனக்கு அழுகை வரும், நீ பயந்து வெளியே ஓடிவிடுவாய், அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

ஜன்னல் வைத்தாயிற்று. தச்சரை வரவழைத்து, சட்டத்துக்கு ஏற்ற மாதிரி மேசைக் கண்ணாடிகளையே பொருத்திவிட்டேன். சுரண்டவில்லை. மருந்துப் பக்கம் அறைக்குள் பார்க்கும்படி வைத்து, வார்னிஷ் பூசியிருக்கிறது, மழைக்கு ஒன்றும் ஆகாது. தச்சர், "அம்மா, எல்லாம் பேய்ப்படம் மாதிரில்லா இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். கடல் கறுப்பு, வானம் கறுப்பு, வெள்ளைத் துணி கறுப்பு. ஐந்து கால் மேசை கீழ்வரிசையில், மலைமேசை அதற்கு மேலே. நீ வந்த பிறகும் சுரண்டத்தான் வேண்டும் என்றால் கத்தியை நானே எடுத்துத் தருகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு காலை மட்டும் அந்த அறையில் தூங்கி எழுந்துவிட்டு அதைச் செய்.

போட்டோக்காரன் பிள்ளைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியில் வெளிச்சமெல்லாம் கறுப்பாகவும் இருட்டெல்லாம் தெளிவாகவும் இருக்கும். மலைமேசையில் துணிக்குக் கீழே ஒரு சாண் இருட்டுத் தெரியுமே, உங்கள் இரண்டு பேரையும் மறைத்து வைத்த இருட்டு, ஜன்னலில் அந்த இடம்தான் வெறும் கண்ணாடியாகத் தெளிந்து நிற்கிறது. காலையில் வெயில் மற்ற இடங்களில் மங்கலாகத்தான் வருகிறது. அங்கே மட்டும் பளிச்சென்று உள்ளே நுழைந்து தரையில் ஒரு கோடாக விழுகிறது. தினமும் விடிந்ததும் அதைப் போய்ப் பார்க்கிறேன். கட்டிலை அதற்கு எதிரே போட்டிருக்கிறேன். எழுந்ததும் அந்தக் கோட்டில் உள்ளங்கையை வைத்துப் பார், சூடாக இருக்கும். உன் பெண்டாட்டியையும் வைக்கச் சொல்.

ஆமென் மட்டும் சொல்லிவிடாதே. அவர் இன்னும் கொஞ்ச நேரம் உன்னைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும்.

உன் அம்மை